கொட்டேஷனை வரி வரியாகக் கேளுங்கள்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்தக் கார் நல்ல கார், எது அதிக மைலேஜ் தரும் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கும் நகைக்கும் அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் மொத்தமாகப் பணத்தை இறக்குகிற இடம் கார் ஷோரூம். அங்கே மேசையில் நம் முன்னால் வைக்கப்படுகிற ஒரு தாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கொட்டேஷன் என்கிறார்கள், சில இடங்களில் எஸ்டிமேட் என்கிறார்கள். தாளின் அடியில் 'ஆன்ரோடு' என்று ஒரு தொகை இருக்கும். நாம் பேரம் பேசுவதெல்லாம் அந்தத் தொகையைக் காட்டித்தான். ஆனால் பணம் போவது அதற்கு மேலே உள்ள வரிகளில்.

நுகர்வோர் பாதுகாப்புப் பணியில் இருப்பதால் கார் வாங்கியவர்கள் நிறையப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள். எஞ்சின் சரியில்லை, ஏசி வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் குறைவு. 'சொன்னது ஒன்று, பில்லில் இருப்பது ஒன்று' என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பலரிடம் அந்தக் கொட்டேஷன் தாளே இருப்பதில்லை. பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம் என்கிறார்கள்.

நம் அப்பாக்கள் காலத்தில் இப்படியொரு மேசையே கிடையாது. அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பர் 14ஆம் தேதி மாருதி 800இன் முதல் சாவியை இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தபோதும் பின்னால் நீண்ட வரிசை நின்றது. விற்பவர் யாரையும் பேசி மயக்க வேண்டியிருக்கவில்லை. 1998இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து வந்தன. வாங்குபவர் காத்திருந்த காலம் போய், விற்பவர் நமக்காகக் காத்திருக்கும் காலம் பிறந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் விலையை மறைத்துவைக்க வேண்டிய தேவையும் அதோடு சேர்ந்தே வந்தது.

முதலில் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். டிப்ளமோ மெக்கானிக்கலோ, பி.காமோ படித்திருப்பார். சம்பளம் சொற்பம். மாதத்துக்கு இத்தனை வண்டி என்று டார்கெட் இருக்கும். அதை எட்டினால்தான் இன்சென்டிவ். வண்டியை மட்டும் விற்றால் போதாது. வண்டியோடு எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை லோன், எவ்வளவு ஆக்ஸசரீஸ், எத்தனை எக்ஸ்டெண்டட் வாரண்டி தள்ளினார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. காலையில் டீம் லீடர் எல்லாரையும் நிற்கவைத்து அந்தக் கணக்கைக் கேட்பார். டீலருக்குப் புதுக் காரில் நிற்கும் லாபம் குறைவு. ஸ்டாக் எடுக்க வாங்கிய கடனுக்கு அவர் வட்டி கட்டுகிறார். இன்சூரன்ஸ் கமிஷன், வங்கி தரும் கமிஷன், ஆக்ஸசரீஸ், சர்வீஸ் இவற்றில்தான் அவர் கடை ஓடுகிறது. இது தெரிந்துவிட்டால், அந்தப் பையன் ஏன் காரின் விலையில் ஐயாயிரத்தைச் சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டு இன்சூரன்ஸில் மட்டும் அசையாமல் நிற்கிறார் என்பது புரியும். அவரிடம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. அவரை ஏமாற்றுக்காரராகப் பார்க்கவும் வேண்டியதில்லை. 'தம்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, கம்பெனி லெட்டர்ஹெட்டில், சீல் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டால் போதும். நான் இன்று சொல்ல வந்ததில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியம்தான்.

தள்ளுபடியும் முழுக்க அந்தப் பையன் கையில் இல்லை. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று நிறுவனம் டீலர்களைக் கட்டுப்படுத்தியது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பிச் சோதித்தது, மீறினால் டீலருக்கு மட்டுமல்ல, அந்த விற்பனைப் பணியாளருக்கும் டீம் லீடருக்கும்கூட அபராதம் போட்டது என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் கதி எப்படியானாலும், கூடுதலாகக் கொடுத்த தள்ளுபடிக்கு ஒரு பணியாளர் தன் பையிலிருந்து தண்டம் கட்ட நேரிடும் தொழில் இது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி தாளுக்கு வருவோம். முதல் வரி, எக்ஸ் ஷோரூம் விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம்.

இரண்டாவது வரி, சாலை வரி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி படிப்படியாக ஏறுகிறது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. படி ஏறும்போது, கூடிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்பதல்ல, முழு விலைக்கும் புது விகிதம் விழும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. அதே மாடலில் அடுத்த வேரியன்ட் 10,05,000. 'சார், வெறும் பத்தாயிரம்தான் வித்தியாசம், சன்ரூஃப் வருது' என்பார்கள். அதற்கு வரி 1,80,900. பத்தாயிரம் கூடிய இடத்தில் வரி மட்டும் 51,550 கூடிவிட்டது. 10 லட்சத்தைத் தாண்டியதால் டிசிஎஸ் என்று 1 சதவீதம், 10,050 ரூபாய், அதையும் அப்போதே பிடித்துக்கொள்வார்கள். அந்த டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, பலர் திரும்பக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சாலை வரி திரும்பி வராது. அந்தக் கண்ணாடிக் கூரை அறுபதாயிரம் பெறுமா என்று குடும்பமாக உட்கார்ந்து யோசித்து வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்தாயிரம் என்று நினைத்து வாங்குவதுதான் மனதை உறுத்துகிறது.

'ஆர்டிஓ சார்ஜ்' என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு மத்திய விதிப்படி பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் ஆர்சியில் வங்கியின் பெயரை ஏற்ற 1,500. வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்பதற்கு அரசு ரசீது உண்டு, அதன் நகல் உங்களுக்கு உரியது. ரசீதின் கூட்டுத்தொகைக்கும் கொட்டேஷனில் உள்ளதற்கும் இடையே நிற்கிற தொகை என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்று வருவதையும் அப்படியே கேளுங்கள். அது எந்த அரசும் போடுகிற கட்டணம் அல்ல. தர மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மேட், மட்ஃபிளாப், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் உங்கள் விருப்பம். அவற்றை வாங்கினால்தான் வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. இந்தப் பகுதியின் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இதில் மாற்றமில்லை. சொந்தச் சேதத்துக்கான ஓடி பிரீமியம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கேதான் இருபதாயிரம் வரைகூட வித்தியாசம் பார்த்திருக்கிறேன். வெளியில் வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. 'வெளியில் எடுத்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது' என்பார்கள். கேஷ்லெஸ் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒப்பிடும்போது நேர்மையாக ஒப்பிட வேண்டும். வண்டியின் மதிப்பாகப் போடும் ஐடிவி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆன் ஒன்றேதானா என்று பார்க்காமல், வெளியில் பத்தாயிரம் குறைவு என்று ஓடிவிடக் கூடாது.

விற்பவர் சொல்வதையெல்லாம் தள்ளிவிடவும் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்று நாம் பார்த்தோம். 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால் சாதாரண பாலிசியில் அது சேராது என்று கிளெய்மை மறுத்துவிடுவார்கள். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ கார் நிறுத்துகிறவர் எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆனை எடுத்துக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன். ஷோரூம் பையன் அதைச் சொன்னால் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்.

கடனைப் பற்றி. 'மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?' என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதில் கிடைத்துவிட்டால், காரின் விலை, பழைய காரின் விலை, வட்டி, இன்சூரன்ஸ் நான்கையும் ஒரே மாதத் தவணைக்குள் கரைத்துவிடலாம். எது கூடியது, எது குறைந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. 8 லட்சம் கடன், ஐந்து வருடம், 'வெறும் ஐந்தரை சதவீத ஃபிளாட் வட்டி' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2,20,000, தவணை மாதம் 17,000. வங்கியில் குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டி என்று வாங்கினாலும் தவணை ஏறத்தாழ அதே 17,000தான். ஐந்தரையும் பத்தும் ஒன்றே. ஃபிளாட் முறையில், நீங்கள் கட்டி முடித்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். சரி, தவணை அதிகம் என்றால் ஏழு வருடமாக நீட்டுவார்கள். அதே 10 சதவீதத்தில் மாதம் 13,300க்குக் கீழே வந்துவிடும். மனதுக்கு ஆறுதலாக இருக்கும். மொத்தத்தில் சுமார் 96 ஆயிரம் ரூபாய் கூடுதல் வட்டி போகும். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. சில்லறைக் கடன் எதுவானாலும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும், கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் வங்கி ஆளிடம் அதைக் கேளுங்கள். அந்த ஒரு எண்ணை உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. யாரிடம் எந்த விலை சொல்லப்படுகிறது என்பது. இயன் அய்ரஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1991இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதி டீலர்களைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேசப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார். வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிக விலை சொன்னார்கள். கறுப்பினப் பெண்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். அந்த நாட்டில் 1958 முதலே, உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலையைப் புதுக் காரின் ஜன்னலில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் உண்டு. ஸ்டிக்கர் எல்லாருக்கும் ஒன்று, பேரத்தில் முடிந்த விலை ஆளுக்கொன்று. நம் ஊர் ஷோரூமில் ஆசிரியையான அம்மா தன் சேமநல நிதியை எடுத்துப் பணம் கட்டுவார், விற்பவர் கல்லூரியில் படிக்கும் மகனைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார். அம்மா வட்டியைப் பற்றிக் கேட்டால் நிறத்தைப் பற்றிப் பதில் வரும். இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன், கோபம் வந்தது. இங்கே இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். செக்கில் கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றால், கொட்டேஷனும் உங்கள் பெயரில் வரட்டும், பேச்சும் உங்களிடம் நடக்கட்டும்.

டெலிவரி நாள். நம் பக்கத்தில் நல்ல நாள் பார்க்காமல் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆடியில் தள்ளுபடி அறிவிப்பதும் அதனால்தான், ஆள் வருவதில்லை. ஆயுத பூஜைக்கும் முகூர்த்த நாளுக்கும் ஷோரூம் வாசலில் இருபது வண்டி வரிசையாக நிற்கும். பாட்டி வந்திருப்பார், மாலை வந்திருக்கும், நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, ராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிடம். அந்த நேரத்தில் யார் சேசிஸ் எண்ணைப் பார்ப்பார்கள்? ஆகவே இரண்டு மூன்று நாள் முன்னாலேயே, பதிவுக்கும் முழுப் பணத்துக்கும் முன்னால், பகல் வெளிச்சத்தில், ஸ்டாக் யார்டுக்கே போய் வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதிலேயே தயாரிப்பு மாதமும் வருடமும் குறியீடாக இருக்கும், அதைப் படிக்கும் முறையை விற்பவரிடமே கேளுங்கள். ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். டயர்களின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். ஐந்து டயரிலும் அது ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெயின்ட் ஒரு கதவில் மட்டும் வேறு சாயலில் இருந்தால் கேளுங்கள். பிறகு இன்வாய்ஸில் அதே சேசிஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இது வீண் சந்தேகம் அல்ல. கோவாவில் ஒருவர் 2011இல் ஒரு கார் வாங்கினார். 2011 மாடல் என்று விற்றார்கள். 2009இல் தயாரான, ஏற்கெனவே ஓடிய வண்டி அது. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில் முடிந்தது. டாடா மோட்டார்ஸ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். டீலர் தயாரிப்பாளரின் ஏஜென்ட் அல்ல, தானே வாங்கி விற்கும் தனி வியாபாரி. தயாரிப்பாளருக்குத் தெரிந்து நடந்தது என்று காட்டாதவரை டீலரின் தவறுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றது நீதிமன்றம். பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பிப் போகிற நாம் இதை நன்றாக உள்வாங்க வேண்டும். வாக்குறுதி கொடுப்பது டீலர். அதனால் எழுத்தும் டீலரின் பெயரில் வேண்டும், புகாரும் டீலரின் பெயரில் வேண்டும்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். சாவியைக் கொடுத்தவுடன் அந்த வண்டி உங்களை விட்டுப் போய்விடுவதில்லை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த வண்டி நாலு கை மாறி எங்கோ விபத்து நடந்தால், இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிடலாம். அதன்பிறகு பொறுப்பு டீலருடையது. அந்தப் படிவத்துக்கான ஒப்புகை கைக்கு வராமல் பழைய வண்டியை விட்டு நகராதீர்கள். வெறும் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு 'நாங்க பார்த்துக்கிறோம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிரச்சினை வந்தால் முதலில் டீலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறைய விஷயங்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு, வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 8 லட்ச ரூபாய் காருக்கு 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது புக்கிங் ரசீது, சீல் போட்ட கொட்டேஷன், இன்வாய்ஸ், அந்தப் பையன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி நேரத்துக்கு அரை மணி ஒதுக்கியிருக்கிறார்கள். கொட்டேஷன் தாளோடு வரச் சொல்லி அழைப்பிதழில் கேட்டிருந்தோம், சிலர் கையில் இருப்பதைப் பார்க்கிறேன். முன்னால் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.